நம் வரியில் திறக்கும் ஜன்னல்

"ஃபோன் எடுத்துண்டிருந்தவ டீபக்கர்ல கை வைக்கறேங்கறியே, அதென்ன ரிங்டோன் மாத்தற வேலையா?"

எங்கள் நிறுவனத்தில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான கருவிகளைக் கவனிக்கும் டூல்ஸ் பிரிவின் தலைவர் இதைக் கேட்டபோது அறையில் இன்னும் சிலர் இருந்தார்கள். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, உண்மையாகவே கேட்டார். மயிலாப்பூரில் பிறந்து மயிலாப்பூரிலேயே இருப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். எங்கள் மென்பொருளில் பாதிக்கு மேல் அவர் எழுதியது. அதனால் கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது.

"மாத்திப் பாக்கறேன் சார். சரியா வரலன்னா எடுத்துடலாம்," என்றேன்.

"எடுத்துட்டா நீயும் ஃபோனுக்கே போயிடணும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். பேச்சு அவ்வளவுதான். தீபாவளிக்கு முன் கடைகளுக்கு அனுப்பும் பதிப்பில் என் மாற்றம் சேர்ந்தால் டூல்ஸ் பிரிவில் எனக்கு ஒரு நாற்காலி. சேராவிட்டால் நான் சில வருடங்களாக உட்கார்ந்திருந்த உதவிப் பிரிவு, காதில் ஹெட்செட், "வணக்கம், சொல்லுங்க சார்."

எங்கள் அலுவலகம் தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்பக்கத் தெருவில், நகைப்பெட்டி விற்கும் ஒரு கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கிறது. ஜவுளிக்கடைகள், நகைக்கடைகள், பாத்திரக்கடைகள் பில் போடவும் சரக்கைக் கணக்கிடவும் நாங்கள் மென்பொருள் செய்து தருகிறோம். அதை எழுதும் மொழி கல்லூரிகளில் பெரும்பாலும் சொல்லித்தரப்படாத ஒன்று. மற்ற மொழிகளில் புரோகிராமை எழுதி முடித்துவிட்டு ஓடவிடுவார்கள். தப்பு வந்தால் அது செத்துப்போகும், சாகும் முன் சிவப்பு எழுத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போகும். எங்கள் மொழியில் புரோகிராம் சாவதில்லை. தப்பு வந்த இடத்தில் அப்படியே நின்று ஒரு ஜன்னலைத் திறக்கும். அந்த ஜன்னல்தான் டீபக்கர். மேல் பாதியில் எந்த வரி எந்த வரியைக் கூப்பிட்டது என்று வரிசையாக இருக்கும். அதில் ஒன்றைத் தொட்டால் கீழே அதன் கோடு, அதாவது நாங்கள் எழுதிய கட்டளைகள், தெரியும், அந்த நொடியில் யார் கையில் என்ன இருந்தது என்பதும் தெரியும். அங்கேயே திருத்தி, 'தொடர்' என்பதை அழுத்தினால் புரோகிராம் ஒன்றும் நடக்காததுபோல் மேலே போகும். பிளவுஸைக் கழற்றச் சொல்லாமல், போட்டிருக்கும்போதே பின் குத்தி அளவைச் சரிசெய்யும் தையல்காரம்மாவின் வேலை அது.

இந்த வேலையை நான் கற்றுக்கொண்டது உதவிப் பிரிவில். ஆடித் தள்ளுபடிச் சமயத்தில் ஃபோன் ஓயாது. கடையின் கணினிக்குள் இங்கிருந்தபடியே நுழைந்து பார்ப்பேன். டீபக்கர் திறந்து நிற்கும். அங்கே கடை மேசைமேல் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவைகள் குவிந்து கிடக்கும், பில் பாதியில் நிற்கும். ஜன்னலை மூடினால் அந்தப் பாதி பில்லும் போய்விடும், முதல் புடவையிலிருந்து மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். ஒரு கேஷியர் ஃபோனில் கெஞ்சியது இன்னும் நினைவிருக்கிறது.

"மேடம், மூடிறாதீங்க மேடம். மாப்ள வீட்டுக்காரங்க வேற நிக்கிறாங்க. ஏற்கெனவே மொறைச்சிக்கினு கீறாங்க."

அதனால் மூடவில்லை. உள்ளேயே சரிசெய்யப் பழகினேன். பழகப் பழக ஒன்று தெரிந்தது. ஜன்னல் எப்போதும் தப்பான இடத்தில் திறந்தது. வரிசையின் உச்சியில் இருப்பவை தப்பை அறிவிக்கும் வரிகள். அவை மொழியோடு வந்தவை, எங்களில் யாரும் எழுதாதவை. டீபக்கர் அவற்றைத்தான் முதலில் காட்டும். தீப்பிடித்த வீட்டின் முகவரி கேட்டால், தீயணைப்பு நிலையத்துக்கு ஃபோன் செய்தவரின் முகவரியைக் கொடுப்பதுபோல. நாங்கள் எழுதிய வரி அதற்குக் கீழே எங்கோ இருக்கும். ஒவ்வொரு முறையும் தேடி இறங்க வேண்டும். என் விரல் அதற்குப் பழகிப்போய், ஜன்னல் திறந்தவுடன் தானாகவே கீழே உருட்டத் தொடங்கிவிடும்.

ஒரே அசைவை எல்லோரும் ஒவ்வொரு முறையும் செய்கிறார்கள் என்றால், அதை ஜன்னலே செய்துவிடலாமே என்று தோன்றியது. ஆனால் எல்லோரும் செய்கிறார்களா? அதை உறுதிசெய்துகொள்ள, புரோகிராம் எழுதுகிறவர்களின் பின்னால் போய் நின்று பார்த்தேன். முதலில் நின்றது என் தோழியின் பின்னால். அவள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பது.

"ஏட்டி, பொறத்தால நின்னு என்னத்தப் பாக்க? பொண்ணு பாக்க வந்தவ மாரி."

"உன் கையப் பாக்கறேன். நீ வேலையப் பாரு."

"கையில என்ன இருக்கு? ரேகை பாக்கியா?"

பேசிக்கொண்டே ஒரு பில்லை ஓட்டினாள். தப்பு வந்தது. ஜன்னல் திறந்தது. அவள் கீழே உருட்டவில்லை. ஜன்னலை மூடினாள். கண்ணிமைக்கும் நேரத்தில் மூடிவிட்டு, தன் கோடுக்குப் போய், எங்கே தப்பு இருக்கும் என்று யோசித்தாள்.

"ஏன் மூடின?"

"பின்ன? எர்ரர்லா வந்துட்டு."

"அதுலதான எங்க தப்புன்னு போட்டிருக்கு?"

"அதுல என்னென்னவோ போட்டிருக்கு. அதெல்லாம் நா எழுதுனதா? ஒண்ணும் வெளங்காது. மூடிட்டு திருப்பி ஓட்டுனா தெரிஞ்சிரும்."

நான் பார்த்தவர்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் செய்தார்கள். கல்லூரியில் வேறு மொழியில் படித்து வந்தவர்கள். அங்கே தப்பு என்றால் செத்த புரோகிராம். பிணத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பது பழக்கம். இங்கே உயிரோடு நிற்கிற ஒன்றை, கையில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நிற்கிற ஒன்றை, மூடிக் கொன்றுகொண்டிருந்தார்கள். காரணம் சோம்பல் இல்லை. முன்பின் தெரியாத வரிகள் முகத்தில் வந்து நின்றால் யாரும் கதவைச் சாத்தத்தான் செய்வார்கள். தெரிந்த வரி வந்து நின்றால் சாத்த மாட்டார்கள் என்பது என் கணிப்பு. தலைவரிடம் போய்ச் சொன்னதும், அவர் ரிங்டோன் என்றதும் அதற்குப் பிறகு.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனது நான்தான் முதல். சிலர் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். நான் தாழ்த்துவதில்லை. அப்பா தி.நகரில் மீன்பாடி வண்டியில் ஜவுளி மூட்டை ஏற்றுகிறார். அம்மா மந்தைவெளியில் அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்கிறார். ஆற்றோரத்திலிருந்த எங்கள் குடிசைகளை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே குடியிருப்பு கொடுத்த பிறகும், இரண்டு பேரும் பஸ் பிடித்து அதே வேலைக்குத்தான் வருகிறார்கள். நானும் அதே பஸ்ஸில் வருகிறேன். படித்தேன், மதிப்பெண் வாங்கினேன், வேலை வாங்கினேன். தெரிந்த வேலையைத் தெரியும் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இருந்ததில்லை.

டீபக்கரும் அதே மொழியில் எழுதப்பட்டதுதான். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் திறந்து மாற்றலாம். அதில் ஒரு வம்பும் இருக்கிறது. நான் முதலில் எழுதிய மாற்றத்தில் ஒரு சின்னத் தப்பு. தப்பு வந்தால் காட்டுவதற்கு டீபக்கர் திறக்கும். திறக்கிற டீபக்கரிலேயே தப்பு என்பதால், அதைக் காட்ட இன்னொரு டீபக்கர் திறந்தது. அதிலும் அதே தப்பு. திரை முழுக்க ஜன்னல் மேல் ஜன்னலாக வெடித்துக்கொண்டே போயிற்று.

தோழி எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, தீவாளிக்கு இன்னும் நாள் கெடக்கு. அதுக்குள்ள சரவெடியக் கொளுத்திட்டியா?"

கணினியை அணைத்துத்தான் நிறுத்த முடிந்தது. அதன் பிறகு டீபக்கரின் நகல் ஒன்றை எடுத்து, அதில் மட்டும் கை வைத்தேன். பழையது அப்படியே காவலுக்கு நின்றது.

நான் வைத்த விதி எளிமையானது. வரிசையை மேலிருந்து பார்த்துக்கொண்டே வா. ஒவ்வொரு வரியும் எந்த கிளாஸில் இருக்கிறது என்று கேள். கிளாஸ் என்றால் ஒரே வகைப் பொருள்களின் வேலைகளை எல்லாம் சேர்த்து வைக்கும் இடம்: பில் ஒரு கிளாஸ், சரக்கு ஒரு கிளாஸ். அந்த கிளாஸ் மொழியோடு வந்ததென்றால் தாண்டு. நாங்கள் உருவாக்கியதென்றால் நில், அந்த வரியில் ஜன்னலைத் திற. தோழியின் கணினியில் போட்டுப் பார்த்தேன். ஜன்னல் திறந்தது. மூடப் போன கை நின்றது.

"ஏய், இது நா எழுதுனதுல்லா!" என்றாள். படித்தாள், திருத்தினாள், 'தொடர்' அழுத்தினாள். பில் மேலே போனது. "அட, சாவாம போவுதே!"

அந்தத் தைரியத்தில் தலைவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து உட்கார்ந்தார். நான் தயாராக வைத்திருந்த தப்புகளைத் தொடவில்லை.

"நீ வெச்ச பொறியில எலி விழறது பெரிசில்லை. நான் ஒண்ணு விடறேன், பார்," என்றவர், மொழியோடு வரும் எண் கிளாஸைத் திறந்தார். அந்த மொழி ரூபாயை மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்துக் கமா போடும். நம் கடைகளுக்கு லட்சம், கோடி என்று போட வேண்டும். அதற்காக அவர் பல வருடங்களுக்கு முன், எண் கிளாஸுக்கு உள்ளேயே சில வரிகளைச் சேர்த்திருந்தார். அன்றிலிருந்து எங்கள் ஒவ்வொரு பில்லின் கடைசித் தொகையும் அந்த வரிகள் வழியாகத்தான் வருகிறது. அவருக்கு அதில் பெருமை உண்டு. அதிலிருந்து ஒரு வரியை நீக்கிவிட்டு ஒரு பில்லை ஓட்டினார்.

ஜன்னல் திறந்தது, பில்லை அச்சடிக்கும் வரியில். அந்த வரியில் ஒரு குற்றமும் இல்லை.

"தப்பு எங்க இருக்குன்னு சொல்றது உன் டீபக்கர்?"

அவர் பக்கத்திலிருந்த தோழியைப் பார்த்தார். "நீ சொல்லு."

அவள் பாவம், ஜன்னலை நம்பி அச்சடிக்கும் வரியையே திரும்பத் திரும்பப் படித்தாள். "இதுலதான் சார் இருக்கும். காட்டுதுல்லா," என்றாள்.

"பாத்தியா? என் வரி இதுக்கு மேல இருக்கு. அதைத் தாண்டிண்டு வந்து இதைக் காட்டறது. நான் எழுதினதையே வெளியாளாக்கிட்டியேம்மா! பழைய டீபக்கர் ஒண்ணையும் காட்டலை, நாமளே தேடிண்டோம். தப்பான ஆளைக் காட்டிக் குடுக்கறதுக்கு, ஒருத்தரையும் காட்டாம இருக்கறதே தேவலை."

எழுந்தார். வெள்ளிக்கிழமையோடு தீபாவளிப் பதிப்பில் எதையும் சேர்ப்பதை நிறுத்தப்போவதாகவும், அதற்குள் ஃபோன் பக்கம் ஆள் வேண்டும் என்று கேட்கிறார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தவறில்லை என்பதுதான் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. அவர் எழுதிய வரிகள் எங்களுடையவை. என் விதி அவற்றைக் கேட்கவே இல்லை. அவை இருக்கும் இடத்தைப் பார்த்துத் தள்ளிவிட்டது.

வீட்டுக்குப் போனபோது அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இன்னாடி, மூஞ்சி ஏன் இப்டி கீது? எவன்னா ஏதாச்சும் சொன்னானா?"

"எங்க சார்தான். நான் பண்ணதுல தப்பு கீதுன்னாரு."

"கீதா?"

"கீது."

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணா நீ கண்டுபுடிக்கிற. நீ தப்பு பண்ணா அவரு கண்டுபுடிக்கிறாரு. அதுக்குத்தான அவருக்கு சம்பளம் குடுக்குறாங்கோ. இதுல இன்னாத்துக்கு நீ மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீற?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணலன்னா பழையபடி ஃபோன் எடுக்கணும்மா."

அம்மா மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்ப இங்க குந்திக்கினு இன்னா பண்ற? நாளைக்கு என்கூட முதல் பஸ்ஸுல வா. நான் போற நேரத்துக்கு உங்க ஆபீஸு தொறப்பாங்களா?"

திறந்திருந்தது. மாடிப்படி கூட்டும் அக்கா மட்டும் இருந்தார். உட்கார்ந்து, தலைவரின் லட்சம்-கோடி வரிகளைத் திறந்து, அவற்றைப் பற்றி மொழிக்கு என்னவெல்லாம் தெரியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். இந்த மொழியில் இது ஒரு வசதி. எந்தப் பொருளிடமும் அதைப் பற்றியே கேட்கலாம், பதில் சொல்லும். நீ எந்த கிளாஸ்? எண். யார் கூப்பிடுகிறார்கள்? பில். எந்த மூட்டை?

இந்த மூட்டை விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடைகளுக்கு அனுப்புவதற்காக நாங்கள் எழுதியதை எல்லாம் மூட்டைகளாகக் கட்டுவோம். கட்டும்போது ஒவ்வொரு வேலையின்மேலும் அது எந்த மூட்டையைச் சேர்ந்தது என்று சீட்டு ஒட்டிவிடும். தலைவரின் வரிகள் குடியிருப்பது எண் கிளாஸில்தான். ஆனால் அவற்றின்மேல் இருந்த சீட்டு எங்கள் நிறுவனத்தின் மூட்டையுடையது. அப்படி இல்லையென்றால் அவை கடைகளுக்குப் போயே சேர்ந்திருக்காது.

விதியை மாற்றினேன். எந்த கிளாஸில் இருக்கிறாய் என்று கேட்பதை விட்டுவிட்டு, யாருடைய மூட்டை நீ என்று கேட்க வைத்தேன். வேலை சின்னதுதான். ஆனால் அவர் சொன்ன இன்னொன்றும் மனதில் இருந்தது. தப்பாகக் காட்டுவதைவிடக் காட்டாமல் இருப்பது தேவலை. அதனால் எந்த வரியையும் மறைக்கவில்லை. எங்களுடையது அல்லாதவை சாம்பல் நிறத்தில் இருக்கும், தொட்டால் திறக்கும். வரிசையில் எங்கள் வரியே இல்லாவிட்டால் ஜன்னல் பழையபடி உச்சியிலேயே திறக்கும். யாருக்காவது எப்போதும் உச்சிதான் வேண்டுமென்றால் அதற்கும் ஒரு விசை வைத்தேன்.

மதியம் தலைவரிடம் போய், "இன்னொரு எலி விடுங்க சார்," என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்தார். எண் கிளாஸில் அதே வரியை நீக்கி ஓட்டினார். ஜன்னல் அவர் வரியில் திறந்தது. இன்னொரு இடத்தில் உடைத்தார். அங்கும் சரியாக நின்றது. பிறகு கடிகாரம் பார்த்துத் தானாக ஓடும் ஒரு வேலையில், நாங்கள் யாரும் தொடாத இடத்தில், ஒரு தப்பை வைத்தார். ஜன்னல் உச்சியில் திறந்தது.

"இங்க மட்டும் ஏன் பழையபடி தொறக்கறது?"

"இதுல நம்ம வரி எதுவுமே இல்ல சார். தெரியாதப்ப யாரையும் கை காட்டாம இருக்கச் சொல்லியிருக்கேன்."

"நல்ல பழக்கம். நம்ம ஆபீஸ்ல சில பேருக்கும் சொல்லிக் குடு." அப்போதும் அவர் சிரிக்கவில்லை, தோழிதான் சிரித்தாள். "எல்லார் மெஷின்லயும் போடு. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கலாம். எனக்கு அந்தப் பழைய மாதிரி விசை எதுன்னு காட்டு. பழகின கை, அவ்வளவு சீக்கிரம் மாறாது."

காட்டினேன். போட்டேன். அதன் பிறகு நான் செய்ததெல்லாம் முன்பு செய்ததையே: பின்னால் நின்று கைகளைப் பார்த்தேன். எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று சொன்னால் பொய். ஜன்னல் வந்ததும் மூடுகிற சிலர் மூடிக்கொண்டுதான் இருந்தார்கள், கண் பார்ப்பதற்குள் கை மூடிவிடும். ஆனால் தன் வரியைப் பார்த்து ஒரு நொடி தயங்கியவர்கள் மூடவில்லை. ஒருவர் ஃபோன் பேசிக்கொண்டே தப்பைத் திருத்தி 'தொடர்' அழுத்தியதைப் பார்த்தேன். அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. ஒரு கருவி நன்றாக இருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த அடையாளம் அதுதான்.

தலைவர் அந்தப் பழைய விசையை எத்தனை முறை அழுத்தினார் என்று எனக்குத் தெரியாது. என் கண்ணுக்கு முன் அழுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு முன் என் மேசைக்கு வந்தார். தயிர்சாத டப்பா கையில் இருந்தது.

"சேத்துட்டேன். தீபாவளிப் பதிப்புல போறது. ஹெட்செட்டை யார்கிட்டயாவது குடுத்துடு."

"தேங்க்ஸ் சார்."

"எனக்கெதுக்கு தேங்க்ஸ்? நான் முடியாதுன்னுதானே சொன்னேன்." போக முற்பட்டவர் நின்றார். "இந்த மொழி நம்மளோடது மட்டும் இல்லை, தெரியுமோல்லியோ? பல தேசத்துல இருக்கறவா சேந்து இலவசமாப் பாத்துண்டிருக்கா. அவா டீபக்கரும் இப்படித்தான் உச்சியில தொறக்கறது. தீபாவளி முடிஞ்சு, நிதானமா அவாளுக்கு இதை அனுப்பிப் பாரேன். ஆனா கறாரான மனுஷா. ஒவ்வொரு வரிக்கும் ஏன்னு கேப்பா."

"காலையிலயே அனுப்பிட்டேன் சார்."

அவர் டப்பாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "நான் சேக்கறதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா சார். இங்க சேரலன்னாலும் அங்க கேக்கலாமேன்னு."

எங்கள் நிறுவனத்துக்கு மட்டுமே உரியவற்றை எல்லாம் எடுத்துவிட்டு, எந்த மூட்டை தன்னுடையது என்பதை அவரவரே சொல்லிக்கொள்ளும்படி மாற்றி, ஏன் இது வேண்டும் என்று ஆங்கிலத்தில் விளக்கமும் எழுதி, என் பெயரில் அனுப்பியிருந்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது முதல் கேள்வி வந்திருந்தது: வரிசை மிக நீளமாக இருந்தால், ஒவ்வொரு வரியின் மூட்டையையும் கேட்டுப் பார்ப்பதற்குள் ஜன்னல் தாமதமாகத் திறக்காதா? நல்ல கேள்வி. முடிவே இல்லாமல் தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டு போகும் ஒரு வேலையை எழுதி, வரிசையை முடிந்தவரை நீளமாக்கி, அளந்து பார்த்தேன். தாமதித்தது. முதல் சில வரிகளுக்குள் நம்முடையது கிடைக்காவிட்டால் ஜன்னலை உடனே திறந்துவிட்டு, தேடலைப் பின்னணியில் தொடரும்படி திருத்தினேன். அதை அளந்தபோது வந்த விடையோடு சேர்த்து, ஐந்து மணிக்கு முன்னால் பதில் அனுப்பிவிட்டேன்.